ஊசி நின்ற இடம்

எங்கள் சின்ன மாமனுக்கு மேலுதட்டின் நடுவில் பிறை மாதிரி ஒரு தழும்பு இருந்தது. அம்மாவின் தம்பி அவர். அது பிறவியிலேயே வந்தது என்று நினைத்து, எங்கள் மாமனுக்கு மட்டும் உள்ளது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். ஒரு கல்யாணத்தில் வேறொரு பேண்டு செட்டு ஆளின் உதட்டிலும் அதே பிறையைப் பார்த்த பிறகுதான், ட்ரம்பெட்டை வருசக் கணக்காக வாயில் வைத்து அழுத்தினால் யாருக்கும் அது விழும் என்று தெரிந்தது. அதற்காக நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது இந்தக் கதை ஞாபகத்துக்கு வந்தது எங்கள் மாடியில் குடியிருக்கும் காலேஜ் வாத்தியாரால். பல்லடத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் விசைத்தறி. கரண்டு இருக்கிறவரை யார் என்ன பேசினாலும் காதில் விழாது. கரண்டு போனால் தறி நிற்கும். தறி நின்றதும் வாத்தியார் பேட்டரி போட்ட டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்துவிடுவார். போன வருசம், தொண்ணூற்றைந்தில், நான் மோர்மிளகாய் காயப்போட்டுவிட்டு அங்கே காக்கைக்குக் காவல் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு கேசட்டைப் போட்டார். பாட்டு என்று யாரும் பாடவில்லை, வெறும் ட்ரம்பெட். கொஞ்ச நேரம் கேட்டேன்.

"ஏனுங் வாத்தியாரே, இந்தாளு கொட்டாங்குச்சி வெச்சு மூடறானுங்களா?"

வாத்தியார் திரும்பிப் பார்த்தார். "அதுக்கு மியூட்டுன்னு பேருங்கம்மா. கொட்டாங்குச்சி இல்லீங்."

"பேரு என்னமோ இருந்துட்டுப் போகுது. மூடித் தெறக்கறானா இல்லீங்களா?"

"ஆமாங்."

"அப்பறம் என்னங்."

அதற்கு ஜாஸ் என்று பெயராம். அமெரிக்காவில் கறுப்பு மனிதர்கள் உண்டாக்கிய சங்கீதமாம். அன்றிலிருந்து கரண்டு போகும்போதெல்லாம் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார். ஒருவர் தொண்டையை அகலத் திறந்து ஊதுவார். ஒற்றைச் சுரத்தை நீட்டி, முடியப்போகும் நேரத்தில் லேசாக உலுக்கி விடுவார், மரத்தை உலுக்கிக் காய் விழவைப்பது போல. இன்னொருவர் நாலு சுரம் வைப்பார், அப்புறம் சும்மா இருந்துவிடுவார். அடுத்தது எப்போது வரும் என்று நாம்தான் காத்துக் கிடக்க வேண்டும். முதலில் அவரைக் கஞ்சன் என்று நினைத்தேன். நாலைந்து தடவை கரண்டு போய் வந்த பிறகு, கஞ்சன் இல்லை, எங்கே எவ்வளவு போதும் என்று தெரிந்த ஆள் என்பது விளங்கியது. மூன்றாமவர் அவசரக்காரர். நாக்கு துகுதுகு துகுதுகு என்று அடித்துக்கொண்டே இருக்கும், ஆனால் ஒரு சுரமாவது இன்னொன்றின் மேல் இடிக்காது. பெயர்களையெல்லாம் வாத்தியார் சொன்னார். என் வாயில் நுழையவில்லை. அகலத் தொண்டை, கஞ்சன், அவசரக்காரர் என்றே வைத்துக்கொண்டேன்.

"இதெல்லாம் எங்கீங்கம்மா படிச்சீங்க?" என்றார்.

"படிச்சது மூணாம் வகுப்புங். காது மட்டும் மேக்கொண்டு படிச்சுது."

அது எங்கே படித்தது என்றால், சோமனூருக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு வாசலில். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு ஒன்பது வயது. மாமன் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். வாரத்தில் ஆறு நாள் தோட்டத்து வேலை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில், முகூர்த்த நாளில் சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானும். காலில் மட்டும் செருப்பு இருக்காது. ட்ரம்பெட் அவருடையதல்ல. செட்டை நடத்தி வந்த மாஸ்டருடையது. அதை வீட்டுக்குக் கொண்டுவர விட்டிருந்ததே பெரிய சலுகை. அம்மா தன் கல்யாணப் புடவையில் ஒரு முழம் கிழித்து அதற்கு உறை தைத்திருந்தாள்.

யாரும் எனக்கு ட்ரம்பெட்டைச் சொல்லித் தரவில்லை. பெண் பிள்ளைக்குச் சொல்லித் தரலாம் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. நானாகத்தான் பார்த்தேன். அதில் இருப்பது மூன்றே பொத்தான். மூன்று பொத்தானில் அத்தனை சுரம் எப்படி வருகிறது என்று முதலில் மண்டை காய்ந்தேன். பிறகு பிடிபட்டது. பாதி வேலை விரலில், பாதி உதட்டில். ஒரே விரலை வைத்துக்கொண்டு உதட்டை இறுக்கினால் மேலே போகும், தளர்த்தினால் கீழே வரும். பொத்தானைப் பாதி அழுத்தி நிறுத்தினால் சுரம் வளையும், அழுது முடித்த குழந்தையின் குரல் மாதிரி. ட்ரம்பெட்டின் வாயைக் கொட்டாங்குச்சியால் மூடித் திறந்தால் சத்தம் அமுங்கி எழும். கன்னம் மட்டும் உப்பக் கூடாது. உப்பினால் காற்று அங்கேயே தங்கிவிடும் என்பது மாமனின் கொள்கை. எத்தனை மேலே போனாலும் அவர் கன்னம் ஒட்டியே இருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது ஒன்று, இப்போது ஒன்று-இரண்டு, இப்போது சும்மா என்று சொல்லிவிடுவேன். சும்மா என்றால் எந்தப் பொத்தானையும் தொடாமல் ஊதுவது.

அதற்கு முந்திய கிறிஸ்துமஸுக்கு, ஆனைமலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துத் துரைகளின் கிளப்பில் ஊத எங்கள் செட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். செட்டு சாப்பிடப் போன நேரத்தில், ஒரு துரை கிராமபோனில் ஒரு தட்டைப் போட்டாராம். மாமன் சாப்பிடப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனியில் நின்று கேட்டார். துரைகளுக்கு அது பிடித்துப்போய் மூன்று தடவை போட்டார்களாம். ஊருக்கு வந்து அவர் மலையைப் பற்றியும் சொல்லவில்லை, கேக்கைப் பற்றியும் சொல்லவில்லை.

"ஊதுறவன் நம்ம நெறந்தானாமா. சமையக்காரரு சொன்னாரு," என்று மட்டும் நாலு நாளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வெயில் காலத்தில் அந்தத் துரை சீமைக்குக் கிளம்பினார். சமையல்காரர் எங்கள் சபைக்காரர். சுருள் தளர்ந்துபோன கிராமபோன் பெட்டியையும் அந்த ஒரே தட்டையும் மாமனுக்கு என்று வாங்கி வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாமன் இரண்டையும் கொண்டுவந்து இறக்கினார். தட்டை ஒரு மேசைத் துணியில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. "நாளைக்குக் கோயிலு முடிஞ்சு வந்து எல்லாரும் கேக்கலாம். அதுவரைக்கும் ஆரும் தொடப்படாது," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனார்.

நான் தொட்டேன்.

அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். பிடியைச் சுற்றி, தட்டை வைத்து, ஊசியை இறக்கினேன். ட்ரம்பெட் கிளம்பியது. அது மாமன் ஊதுவதைப் போலவே இல்லை. மாமன் ஊதினால் கல்யாணம் தெரியும், பொண்ணு மாப்பிள்ளை தெரியும். இதில் ஊதுகிற ஆள் மட்டும்தான் தெரிந்தார். பாதி தூரம் போயிருக்கும். ஒரு கோழி பெட்டிமேல் தாவியது. நான் கோழியை விரட்டிய கை ஊசிமேல் பட்டது. கிறீச்சென்று ஒரு சத்தம், தட்டில் ஒரு கீறல். கோழி ஓடிவிட்டது. தட்டை எடுத்து, இருந்தபடியே மூன்று சுற்றுச் சுற்றி வைத்தேன். கோழியைக் காட்டிக் கொடுக்கலாமா என்று சாயங்காலம் வரை யோசித்தேன்.

மறுநாள் வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. மாமன் ஊசியை இறக்கினார். பாதி வரை ஒழுங்காகப் போயிற்று. அந்த இடம் வந்ததும் ஊசி நின்றுகொண்டது. ஒன்று, ஒன்று-இரண்டு, சும்மா, இரண்டு. மறுபடி ஒன்று, ஒன்று-இரண்டு, சும்மா, இரண்டு. அதையே திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"நேத்து இதை ஆராச்சும் தொட்டீங்களாடி?"

நான் கோழியைப் பார்த்தேன். அம்மாவின் கை வாசல் கூட்டும் சீமாறு இருந்த மூலைக்குப் போயிற்று.

"சும்மா இரு அக்கா," என்றார் மாமன். "அவன் அப்பிடித்தான் ஊதியிருக்கான்."

"ஒண்ணையே எத்தன வாட்டீடா ஊதுவான்?"

"வேணுங்கற வரைக்கும் ஊதுவான். ஆரு கேக்கறது?"

சொல்லிவிட்டு ஊசித் தலையை விரலால் லேசாகத் தட்டினார். ஊசி சர்ரென்று வழுக்கித் தட்டின் நடுவே போய் முட்டியது. அவ்வளவுதான், முடிந்தது. மாமன் தட்டை எடுத்து வெயிலில் சாய்த்துப் பிடித்து, கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். தூசி துடைத்து, துணியில் சுற்றி வைத்தார்.

எனக்கு உயிர் வந்தது. கூடவே, மாமனுக்கு விவரம் போதாது என்றும் அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதன்பிறகு தினமும் வேலை விட்டு வந்ததும் தட்டு ஓடும். மாமன் ட்ரம்பெட்டை வைத்துக்கொண்டு கூடவே ஊதுவார். அந்த இடம் வந்ததும் தட்டோடு சேர்ந்து அவரும் சுற்றுவார். பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை. பிறகு கண்ணைக் காட்டுவார். "தட்டு அம்மணி." நான் தட்டுவேன். ஊசி வழுக்கும், மாமன் நிறுத்துவார். தட்டுகிற வேலை எனக்கே என்று ஆகிவிட்டது. நான் கெடுத்து வைத்ததை ஒரு பெரிய மனுஷர் இத்தனை அக்கறையாகப் படிக்கிறாரே என்று ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது.

ஆவணியில் ஒரு மில் முதலாளி வீட்டுக் கல்யாணம் வந்தது. பெண் வீட்டுக்கு எங்கள் செட்டு. மாப்பிள்ளை வீட்டார் கோயமுத்தூர் டவுன் செட்டைக் கூட்டி வருகிறார்கள். அந்தக் காலத்தில் இரண்டு செட்டு எதிரெதிரே வந்தால் ஒரு முறை உண்டு. நாற்சந்தியில் நின்று இரண்டும் ஊத வேண்டும். மூச்சு வாங்கலாம், ஆனால் ட்ரம்பெட்டை வாயிலிருந்து இறக்கக் கூடாது. எவர் முதலில் இறக்குகிறாரோ அவர் செட்டு ஓரம் ஒதுங்கி, ஜெயித்த செட்டின் பின்னால் கல்யாண வீடு வரைக்கும் நடக்க வேண்டும். தோற்பதில் இரண்டு விதம்: ஒன்று உதடு செத்துப்போகும், அல்லது சரக்குத் தீர்ந்துபோகும்.

மாஸ்டர் ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு வந்தார். அவருக்குப் புதிதாக ஒரு மருமகன் வாய்த்திருந்தார். தனக்கும் ட்ரம்பெட் ஊத வரும் என்று அந்த மருமகனே சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதபாரு தம்பி," என்றார் மாஸ்டர். "அன்னைக்கு நம்ம செட்டு பின்னால நடந்துச்சுன்னா, மக்கா நாளே ட்ரம்பெட்டை மருமவங் கையில குடுத்துருவேன். நீ தாளம் தட்டிக்கலாம். பொறவு என்னையச் சொல்லப்படாது."

"செரிங்," என்றார் மாமன். மாஸ்டர் போன பிறகு ட்ரம்பெட்டை உறையிலிருந்து எடுத்துத் துடைத்தார், மறுபடி உறையில் போட்டார், மறுபடி எடுத்தார்.

அந்த வாரம் முழுக்க அவர் ஊதவே இல்லை. உதட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டு, சொம்புத் தண்ணீரில் பப்பாளித் தண்டை விட்டுக் குமிழி விட்டுக்கொண்டிருந்தார். பொழுதுக்கும் குமிழி. நிறுத்தாமல், அறுபடாமல், கொடகொடவென்று.

"பொழப்பு போகப் போகுது, இவன் கொழந்தையாட்ட வெளையாடறான் பாரு," என்று அம்மா புலம்பினாள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. டவுன் செட்டுக்காரர்கள் படித்தவர்கள். மாமன் அந்தக் கெட்டுப்போன இடத்தைப் போய் அவர்கள் முன்னால் ஊதினால் சிரிப்பார்கள். மாமன் தாளம் தட்டப் போய்விடுவார். அதற்குக் காரணம் நான். கல்யாணத்தன்று காலையில் அவர் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன்.

"மாமா, அந்த எடத்தை மட்டும் ஊதாதீங் மாமா."

"எந்த எடம் கண்ணு?"

"அதுதானுங், மாட்டிக்கற எடம்..." வாயைக் கடித்துக்கொண்டேன். "மறுக்கா மறுக்கா வருமுங்களே, அது. நல்லாவே இல்லீங்."

மாமன் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சிரித்தார். "அதுதான் அம்மணி அதுலயே நல்ல எடம்."

இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சீமாறு மூலையில் இருந்தது. நான் சொல்லவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் நாற்சந்தியில் இரண்டு செட்டும் முட்டின. டவுன் செட்டு லாரியில் வந்து இறங்கியது. நீலக் கோட்டு, தங்கச் சரிகை, எல்லார் காலிலும் பூட்ஸு. அவர்கள் ட்ரம்பெட்காரர் நல்ல உயரம், மாமனைவிட ஒரு மடங்கு நெஞ்சு. ஆரம்பித்தார்கள். அவர் ஒரு மெட்டை வைத்தால் மாமன் அதைத் திருப்பி வைப்பார். மாமன் வைத்தால் அவர் திருப்புவார். ஒரு நாழிகைக்கு மேல் போயிற்று. மாமனின் உதட்டோரத்தில் ரத்தம் தெரிந்தது. மாஸ்டரின் மருமகன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது மாமன் அந்தத் தட்டில் இருந்ததை எடுத்தார். டவுன்காரர் கண் அகன்றது. அவருக்கு அது புதுசு. திருப்பத் தெரியாமல் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதோடு நிறுத்தினால் போதுமே என்று நான் வேண்டிக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் வந்துவிட்டது. ஒன்று, ஒன்று-இரண்டு, சும்மா, இரண்டு.

மறுபடியும். மறுபடியும். ஐந்தாவது தடவையில் கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. எட்டாவது தடவையில் டவுன் செட்டின் டமாரக்காரர் கத்தினார்.

"என்றா இது? தட்டு மாட்டிக்கிச்சாடா?"

சந்தியே சிரித்தது. வேட்டி நழுவ நழுவச் சிரித்தார்கள். டவுன் ட்ரம்பெட்காரருக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது. உதட்டை இறுக்கிக்கொண்டு சிரிக்க யாராலும் ஆகாது. ட்ரம்பெட்டை இறக்கிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்து முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கூட்டத்துக்கும் தெரிந்தது. சிரிப்பு நின்றுபோயிற்று. மாமன் மட்டும் நிறுத்தவில்லை. பதினைந்து, பதினாறு. நடுவில் மூச்சே வாங்கவில்லை. எந்நாளும் ஒட்டியே இருக்கும் கன்னம் இரண்டும் பூசணிக்காய் மாதிரி உப்பியிருந்தன. கண் பிதுங்கி, என்னையே பார்த்தது. மாமன் மாட்டிக்கொண்டுவிட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. தட்டுப் போலவே, வெளியே வரத் தெரியாமல் சுற்றுகிறார். இன்னும் நாலு சுற்றில் வெடித்துவிடுவார். கூட்டத்தில் புகுந்து ஓடினேன். வீட்டில் ஊசியைத் தட்டுகிற மாதிரியே அவர் முழங்கையை லேசாகத் தட்டினேன்.

அந்த நொடியில் ட்ரம்பெட் அந்த இடத்தை விட்டுக் கிளம்பியது. படிப்படியாக மேலே ஏறி, அதற்கு மேலும் ஏறி, உச்சியில் ஒற்றைச் சுரத்தில் போய் நின்றது. அப்படி ஒரு முடிவை நான் கேட்டதே இல்லை. எங்கள் தட்டில் அது கிடையாது. அந்தச் சுரத்தை மாமன் நெடுநேரம் நீட்டினார், கடைசியில் லேசாக உலுக்கி விட்டார். பிறகு ட்ரம்பெட்டை இறக்கி, அதைச் சாய்த்து எச்சிலைக் கொட்டினார்.

டவுன்காரரே முதலில் வந்து அவர் கையைப் பிடித்தார். "ஏனுங், அந்தப் புள்ளைகூடப் பேசி வெச்சுப் பண்ணுனீங்களா?"

"தட்டறது எங்க அம்மணி வேலைங்," என்றார் மாமன்.

நீலக் கோட்டெல்லாம் பின்னால் நடந்தது. நான் முன்னால், மாமன் பக்கத்தில் நடந்தேன். பெண்ணுக்குப் பெரியப்பா என் இரண்டு கையிலும் லட்டு வைத்தார். மாஸ்டரின் மருமகன் கடைசிவரை தாளம்தான் தட்டினார்.

நான் தட்டியிருக்காவிட்டால் மாமன் அன்றைக்குப் பிழைத்திருக்க மாட்டார் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். மாமன் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். "ஆமாமா," என்பார். எனக்குக் கல்யாணமாகிப் பல வருசம் கழித்து, ஒரு நாயனக்காரர், மூக்கால் இழுத்துக்கொண்டே கன்னத்துக் காற்றை வெளியே விடுகிற வித்தையைச் சொன்னார். பப்பாளித் தண்டில்தான் பழகுவார்களாம். அப்படியானால் மாமனுக்கு அன்று மூச்சு முட்டவே இல்லை என்று ஆகிறது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் கதைக்கு அது தேவைப்படவில்லை. மாமன் இறந்து பதினேழு வருசமாகிறது. தட்டு அதற்கு வெகு முன்பே மிளகாய்த்தூள் சட்டிக்கு மூடியாகி, உடைந்தும் போயிற்று.

போன பங்குனியில் ஒரு நாள் கரண்டு போயிற்று. வாத்தியார் புதுசாக ஒரு கேசட்டைப் போட்டார். அகலத் தொண்டைக்காரர், அவருடைய வாலிப வயதில் ஊதியதாம். இரண்டே சுரத்தில் நான் நிமிர்ந்துவிட்டேன். எங்கள் தட்டு. இத்தனை வருசம் கழித்தும் விரல் தானாக நாற்காலிக் கையில் அழுத்தத் தொடங்கியது. அந்த இடம் வந்தது. ஒன்று, ஒன்று-இரண்டு, சும்மா, இரண்டு. நான் தட்டக் கையைத் தூக்கினேன்.

அது ஒரு தடவைதான் வந்தது. நிற்காமல் தாண்டிப் படிப்படியாக மேலே ஏறி, அதற்கு மேலும் ஏறி, உச்சியில் ஒற்றைச் சுரத்தில் நின்று, நீண்டு, கடைசியில் லேசான ஓர் உலுக்கலோடு முடிந்தது. நாற்சந்தியில் கேட்ட அதே முடிவு.

"என்னங்கம்மா, கையைத் தூக்கிட்டே இருக்கீங்க?" என்றார் வாத்தியார்.

"ஒண்ணுமில்லீங். மறுக்கா போடுங்."

அவர் கேசட்டைப் பின்னால் சுற்றுவதற்குள் கரண்டு வந்துவிட்டது. நாலு பக்கமும் தறி ஓட ஆரம்பித்தது. அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. நான் மிளகாயைப் புரட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மலையில், பனியில் நின்று, அவர் அதை மூன்று தடவை முழுசாகக் கேட்டிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கை மூலைக்குப் போனபோது, அவன் அப்படித்தான் ஊதியிருக்கான் என்றார். பிறகு தட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்து, கட்டைவிரலால் தடவினார். தூசி துடைக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். மூன்று சுற்றுத் துணிக்குள் இருந்த தட்டில் ஏது தூசி.